எட்டு பத்துக்கு வந்த வாத்துகள்

ஏரியின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் மிச்சமிருக்கும் தண்ணீரிலும் யாராவது வீட்டு சைட் போட்டு விற்றுவிடுவார்கள்.

மர்பி டவுன் முனிகிருஷ்ணன் வாரத்தில் ஆறு நாள் ஃபிட்டர். ஏழாம் நாள் தூங்க வேண்டியவர். ஆனால் பறவை பார்க்கும் சங்கம் ஒன்று அவருக்கு அந்த ஏரியை ஒதுக்கியிருந்தது. ஜனவரியில் ஒரு ஞாயிறு, காலை ஏழு முதல் எட்டு வரை, பெங்களூரைச் சுற்றிய எல்லா ஏரிகளிலும் ஒரே நேரத்தில் எண்ண வேண்டும். இல்லாவிட்டால் ஒரே வாத்து நாலு ஏரியில் ஓட்டுப் போட்டுவிடும்.

தொடர்ந்து மூன்று வருடம் ஐம்பது பறவைக்குக் குறைந்தால் ஏரி சங்கத்தின் பட்டியலிலிருந்து போய்விடும் என்பது விதி. பட்டியலில் இருக்கும்வரைதான், லாரிகள் மண் கொட்ட வந்தால் சங்கம் புகார் எழுதும். 1997இல் முப்பத்தொன்று. மறுவருடம் பதினெட்டு.

மூன்றாம் வருடம் மனைவி எல்லம்மாவும் ஃப்ளாஸ்க்கோடு வந்தார், மனுஷன் நின்றபடியே தூங்கிவிடக் கூடாதென்று. எட்டு அடித்தபோது நாற்பத்தொன்று. எட்டு பத்துக்கு, பக்கத்து ஏரிப் பக்கமிருந்து ஒரு கூட்டம் வந்து இறங்கியது. ஊசிவால் வாத்துகள், அறுபத்து மூன்று.

"எழுதுய்யா!" என்றார் எல்லம்மா.

"டைம் ஆயிடுச்சு."

"வாத்து இன்னா வாட்ச் கட்டிக்கினா வரும்?"

"அங்க ரெமிஜியஸ் சார் இதுங்களை எண்ணியிருப்பாரு. டபுள் ஆயிடும்."

"ஆவட்டுமே. அவரு ஏரி எங்கியும் போயிடாது. உன்னுதுதான் போவும்."

நாற்பத்தொன்று என்றே எழுதினார்.

சாயங்காலம் ரிச்சர்ட்ஸ் டவுனுக்குப் படிவத்தைக் கொடுக்கப் போனார். எல்லாப் படிவங்களையும் வாங்கிச் சேர்ப்பவரும் ரெமிஜியஸ்தான். அவருடைய படிவம் மேலேயே இருந்தது: ஊசிவால், அறுபத்தைந்து.

"இதுங்க எட்டு மணிக்கு மேல என் ஏரிக்கு வந்துடுச்சு சார். நீங்க எத்தனை மணிக்கு எண்ணினீங்க?"

"நேத்தே எண்ணிட்டேன்ப்பா. ஞாயித்துக்கிழமை ஏழு மணிக்கு சர்ச்சுல பூசை இருக்குல்ல? எனக்கு எப்பவும் சனிக்கிழமைதான்."

முனிகிருஷ்ணனுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். கோபத்துக்கும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே.

"கிறிஸ்மஸ் கேக் மிச்சமிருக்கு முனி, சாப்பிடு."

சாப்பிட்டார். மார்ச்சில் ஏரி பட்டியலிலிருந்து போயிற்று. மே மாதத்தில் முதல் லாரி வந்தது.

அடுத்த ஜனவரியில், அந்த ஞாயிறன்று, ஐந்து மணிக்கே எழுந்து சட்டை மாட்டினார்.

"எங்க போற? அதான் பேர எடுத்துட்டாங்களே," என்றார் எல்லம்மா.

ஏரிக்குப் போய், ஒன்பதரைக்குத் திரும்பி, வாசற்படியில் ஷூவைக் கழற்றிச் செம்மண்ணைத் தட்டினார்.

"எவ்ளோ?"

"ஏழு."

"வாத்தா?"

"லாரி," என்றார். சற்று யோசித்து, "அப்புறமும் வந்துச்சு. நான் எட்டு மணி வரைக்கும்தான் எண்ணினேன்."