மும்தாஜ் டீச்சர் போடாத கையெழுத்து

போன செவ்வாய்க்கிழமை காலை மைதானத்தில் ஓட்டப் பாதைக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தபோது கைபேசி அடித்தது. "சார், கௌசல்யா பேசறேன். மும்தாஜ் மிஸ் விடியக்காலையில தவறிட்டாங்க. மத்தியானம் எடுக்கறாங்களாம்" என்றாள். கௌசல்யா எங்கள் பள்ளியில் படித்தவள், ஓடியவள். மும்தாஜ் பேகம் அங்கே என்னோடு பதினொரு ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியையாக இருந்தவர். வருகிறேன் என்று சொல்லிவிட்டு மீதிக் கோட்டையும் போட்டு முடித்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

அவருக்கு வயது நாற்பத்தெட்டு. சிறுநீரகம் இரண்டும் கெட்டு ஒரு வருடமாக அவதிப்பட்டார். அதற்கு முன்னால், வடலூரிலிருந்து முதல் பஸ் பிடித்து ஆறு மணிக்கெல்லாம் மைதானத்தில் நிற்பார். பயிற்சி தொடங்குமுன் ஒவ்வொரு பெண்ணையும் தனியாக அழைத்துக் கேட்பார்: தூங்கினாயா, சாப்பிட்டாயா, மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா. எங்கள் ஆசிரியர் அறையில் இதைக் கேலி பேசியவர்களில் நானும் ஒருவன். ஒருநாள் நேராகவே சொன்னார்: "சிரிக்காதீங்க சார். மாசாமாசம் வர்றது நின்னுபோச்சுன்னா, ஓடற ஒடம்புக்குச் சோறு பத்தலன்னு அர்த்தம். நாம கேக்கலன்னா அப்பறம் எலும்பு சொல்லும்."

சுரங்க டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் இருந்த ஓர் அதிகாரியின் மகன் வேகப்பந்து வீசுவான். காலையில் பள்ளியில் பயிற்சி, மாலையில் தனியார் அகாடமி, ஞாயிற்றுக்கிழமை மேட்ச். முதுகு வலிக்கிறது என்றான். மும்தாஜ் டீச்சர் இரண்டு மாதம் பந்தைத் தொடக் கூடாது என்று உட்கார வைத்துவிட்டார். அப்பா ஷிப்ட் முடிந்த உடுப்போடு வந்து சத்தம் போட்டார். டீச்சர் குரலை உயர்த்தவே இல்லை. "சார், அவனுக்குப் பதிமூணு வயசு. அவன் முதுகுக்கும் பதிமூணுதான்" என்றார். அந்தப் பையன் இன்று கல்லூரி அணியில் ஆடுகிறான்.

இனி எழுதப்போவது, எங்களோடு வேலை பார்த்த உங்களில் பலருக்குத் தெரியாதது.

ஆறு ஆண்டுகளுக்கு முன் கௌசல்யா பத்தாம் வகுப்பு. கம்மாபுரம் பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தாள். எண்ணூறு மீட்டரில் மாவட்டத்தில் முதலாவதாக வந்தாள். எடை குறைந்தால் வேகம் கூடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, இரவுச் சாப்பாட்டை நிறுத்தியிருந்தாள். மூன்று மாதமாக மாதவிலக்கு இல்லை. இடது முழங்காலுக்குக் கீழே எலும்பில் விரல் வைத்தாலே முகம் சுருங்கியது. டீச்சர்தான் மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். எலும்பில் மயிரிழை விரிசல், ஆறு வாரம் ஓடக் கூடாது என்றார் மருத்துவர். மாநிலப் போட்டிக்கு இரண்டு வாரம் இருந்தது.

அவள் அப்பா சுரங்கத்தில் கான்ட்ராக்ட் தொழிலாளி. என்னைத் தேடி வந்தார். "இருவது வருஷமா கான்ட்ராக்ட்லயே கெடக்கறங்க. அவளுக்காச்சும் ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல பர்மனென்ட்டா ஒரு வேல கெடைக்காதான்னு பாத்துகினு இருக்கறன். மிஸ் ஒத்துக்க மாட்டன்றாங்க. நீங்க சொல்லுங்க சார்" என்றார்.

நான் சொல்லிப் பார்த்தேன். "ஒரே ரேஸ்தான் டீச்சர்."

"ஒரே காலுதான் சார்" என்றார் அவர். மாநிலப் போட்டிக்கான அனுமதிப் படிவத்தில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார்.

மூத்த ஆசிரியர் என்ற முறையில் அந்தப் படிவத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். பையன்கள் அணியோடு சேர்த்து நானே அழைத்துப் போனேன். வலி தெரியாமலிருக்க ஸ்பிரே அடித்து, காலை இறுகக் கட்டி அனுப்பினேன். இரண்டாம் சுற்றின் வளைவில் மூன்றாவதாக வந்துகொண்டிருந்தவள் விழுந்தாள். எலும்பு முறிந்திருந்தது. கம்பி வைத்தார்கள். அதன் பிறகு அவள் ஓடவில்லை.

அடுத்த வாரம் தலைமையாசிரியர் எங்கள் இருவரையும் அழைத்தார். படிவம் போட்டி நடத்தியவர்களிடம் போய்விட்டது, அவரிடம் இல்லை. "இந்தப் பெண்ணை ஓடவிட்டது யார்?" என்று கேட்டார். நான் மேசையில் கிடந்த பேப்பர் வெயிட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு மும்தாஜ் டீச்சர், "பொண்ணுங்க டீம் எம்பொறுப்பு சார்" என்றார். அவருக்கு மெமோ வந்தது. பெண்கள் அணியை அவரிடமிருந்து எடுத்து எனக்குக் கொடுத்தார்கள். நான் வாங்கிக்கொண்டேன்.

வெளியே நடைபாதையில் அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "நீங்க சொல்லுவீங்கன்னு கொஞ்ச நேரம் பாத்தேன் சார்." அதன் பிறகு என்னிடம் ஒருநாளும் கோபமாகப் பேசியதில்லை. ரம்ஜானுக்குப் பிரியாணி டப்பாவை என் மேசையிலும் வைத்தார். சனிக்கிழமைகளில் பஸ் ஏறிக் கௌசல்யாவின் வீட்டுக்குப் போய்ப் பாடம் சொல்லிக்கொடுத்து, பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்ட வைத்தார்.

இரண்டு மாதத்துக்கு முன் அவரைப் பார்க்க வடலூர் போனேன். அன்று தப்பு என்னுடையது என்று அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். கை வீங்கியிருந்தது. "அந்த எட்டாவது படிக்கற பொண்ணுக்கு முழங்கால் வீக்கம் வடிஞ்சிதா?" என்று கேட்டார். வடிந்துவிட்டது என்றேன். நாற்காலியில் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன்.

செவ்வாயன்று அடக்கம் முடிந்து கபர்ஸ்தானிலிருந்து திரும்பியபோது, அவர் வீட்டு வாசலில் கௌசல்யா நின்றிருந்தாள். இப்போது வடலூரில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு பார்க்கிறாள். நின்றால் இடது காலில் பாரம் வைப்பதில்லை. அவளிடம் சொன்னேன், கையெழுத்து என்னுடையது என்று.

"தெரியும் சார். படிவத்த நான்தான குடுக்கப் போனேன். பாத்தேன்" என்றாள். பிறகு, "மிஸ் இருக்கும்போது சொல்லியிருக்கலாம் சார்" என்று சொல்லிவிட்டுப் பெண்கள் இருந்த பக்கம் போய்விட்டாள்.

இதைப் படிக்கும் நண்பர்களில் சிலர், அந்தப் பிள்ளையின் காலை உடைத்தவர் மும்தாஜ் டீச்சர் என்று இன்றும் நம்புகிறீர்கள். பணி நிறைவு விழாக்களில் அதைச் சாடையாகப் பேசியிருக்கிறீர்கள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். ஓட வேண்டாம் என்று கடைசிவரை சொன்ன ஒரே ஆள் அவர்தான். அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது, அந்த அறையில் நான் வாய் திறப்பதற்காக அவர் பேசாமல் காத்திருந்த அந்தச் சில நொடிகள்.