அப்பாவின் கல்லறைக்கு உரியாத பெயிண்ட்

கல்லறைத் திருநாள் வருகிறது. அப்பாவின் கல்லறைக்குப் பெயிண்ட் வாங்க, இன்று அக்காவோடு பூந்தமல்லி ஹார்டுவேர்ஸ் கடைக்குப் போனேன்.

“வருஷா வருஷம் சுண்ணாம்பு அடிக்கிறோம், மழையில உரிஞ்சிடுதுண்ணே,” என்றேன்.

கடைக்காரர் சிரித்தார். “ஈர சிமெண்டு மேலயே அடிச்சா இன்னா பண்ணும்? பழச சொரண்டு, நல்லா காயவுடு, ப்ரைமர் அடிச்சிட்டு அப்புறமா பெயிண்ட் அடி. அஞ்சு வருஷத்துக்கு ஒண்ணும் ஆவாது.”

நான் ப்ரைமர் டப்பாவை எடுத்தேன். அக்கா அதைப் பிடுங்கி மேசையிலேயே வைத்தாள்.

“சுண்ணாம்பே குடுண்ணே. அது உரியறதாலதான் இவனும் தம்பிங்களும் வருஷத்துக்கு ஒரு நாளாவது ஒண்ணா வந்து நிக்கிறானுங்க.”

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் சுண்ணாம்பு மூட்டையைப் பார்த்தேன்.

சுண்ணாம்பையே வாங்கினோம். பிரஷ் மட்டும் நல்லதாக ஒன்று வாங்கினேன்.

உங்கள் வீட்டில் எப்படி, சுண்ணாம்பா, ப்ரைமரா?