அனுப்பப்பட்டது என்றது திரை

காலை ஏழு இருபது. மீனவர் சங்க அலுவலகத்தின் கதவைத் திறந்தபோது முதலில் கண்டது ஒரு கயிற்றுத் துண்டு. நுனி பிய்ந்திருந்தது. அதைப் பிடித்திருந்தவர் ஆரையம்பதி மீனவர் ஒருவர். கட்டியிருந்த சாரன் இடுப்பு வரை நனைந்திருந்தது.

"விடியக்காலம் முகத்துவாரத்த வெட்டிப்போட்டாங்க தம்பி. வலை முழுக்கக் கடலோட போயிற்று. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நேற்றே தூக்கியிருப்பன்."

மழையில் வாவி நிரம்பி வயல்களுக்குள் ஏறும்போது, அது கடலோடு சேரும் முகத்துவாரத்தை மறித்துக் கிடக்கும் மணல்திட்டை வெட்டிவிடுவார்கள். வெட்டியதும் தண்ணீர் முழுவதும் அந்த வாயை நோக்கி இழுபடும். பக்கத்தில் கம்பு நட்டுக் கட்டிய வலைகள் நிற்காது. அதனால் முதல் நாளே சங்கம் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோவைக் கரையோரமாக அனுப்பும். அந்த வருடம் செயலாளர் ஆட்டோவை நிறுத்திவிட்டு, ஒரு கணினிச் செயலியைக் கொண்டுவந்தார். பத்திரிகை வேலையை விட்டு அங்கே சேர்ந்திருந்த நான் அறிவித்தலை எழுதி, 'அனுப்பு' என்ற பொத்தானை அழுத்த வேண்டும். அதற்குப் பின்னால் ஷெல் ஸ்கிரிப்ட் என்ற சிறு கட்டளைக் கோப்பு ஒன்று ஓடி, உறுப்பினர்களின் போன் இலக்கங்களைக் குறுஞ்செய்தி அனுப்பும் நிரலிடம் கொடுக்கும். முதல் நாள் பின்னேரம் அழுத்தினேன். 'அனுப்பப்பட்டது' என்று பச்சை அடையாளம் வந்தது. மழைக்காலத்தின் முதல் அறிவித்தல் அது.

செயலாளர் வந்ததும் திரையை மீனவரின் பக்கம் திருப்பினார்.

"இந்தா பாருங்க, போயிருக்கு. உங்கட போன்லதான் பிழை."

"நேற்று ராவு மகள் எடுத்த கோலுக்குப் போன் அடிச்சதே சேர்."

"அப்ப நீங்க மெசேஜப் பார்க்காம விட்டிருப்பீங்க."

"இந்தப் பச்சையக் கொண்டுபோயா நான் இனி மீன் பிடிக்கிற?"

செயலாளர் தேநீர் கொண்டுவரச் சொன்னார்.

செயலியை எழுதிக் கொடுத்த இளைஞனை நான் கூப்பிட்டேன். மோட்டார் சைக்கிளில் வந்தான். கணினியில் கட்டளைகளைத் தட்டும் கறுப்புத் திரை ஒன்றைத் திறந்து, மீனவரின் இலக்கத்தை மட்டும் கொடுத்து, ஸ்கிரிப்டின் பெயரைத் தட்டினான். மேசையில் பொலித்தீன் பைக்குள் கிடந்த போன் அதிர்ந்தது. மீனவர் எடுத்து உரக்க வாசித்தார்: நாளை அதிகாலை முகத்துவாரம் வெட்டப்படும். வலைகளை அகற்றிக்கொள்ளவும்.

"வந்திட்டு," என்றார். "இப்ப போய்த் தூக்குறன்."

"பாருங்க அண்ணன், ஸ்கிரிப்டில பிழை இல்ல," என்றான் இளைஞன் என்னிடம்.

"பொத்தான அழுத்து."

அழுத்தினான். பச்சை வந்தது. போன் அசையவில்லை. மறுபடியும் அழுத்தினான். பச்சை. போன் அப்படியே கிடந்தது.

அவனுக்கு விளங்கிவிட்டது. கறுப்புத் திரையில் தட்டும்போது, குறுஞ்செய்தி நிரல் எங்கே இருக்கிறது என்ற பாதை ஸ்கிரிப்டுக்குக் கிடைக்கும். ஐகனைக் கிளிக் செய்து திறந்த செயலியிலிருந்து ஓடினால் அந்தப் பாதை கிடைக்காது. நிரலைத் தேடிக் காணாமல் ஸ்கிரிப்ட் நின்றுவிடும். அறிமுகக் கூட்டத்தில் அவன் செயலியையே கறுப்புத் திரையிலிருந்து தொடங்கியிருந்தான். அதனால் அன்று எல்லோருடைய போனும் அடித்தது, எல்லோரும் கைதட்டினார்கள்.

"அப்ப பச்சை எப்படி வருது?" என்று கேட்டேன்.

அவன் செயலாளரைப் பார்த்தான். "கட்டளையத் தொடங்கின உடனே பச்சை வரும். முதல்ல, ஸ்கிரிப்ட் முடிஞ்சு பதில் சொல்லும் வரைக்கும் செயலி காத்து நிண்டது. அதுவரைக்கும் திரை அசையாது. வாற ஆக்களுக்கு முன்னால இது வெக்கக்கேடு, மாத்தெண்டு சேர்தான் சொன்னார்."

தொடங்கியதை முடிந்ததாக எழுதினால் பத்திரிகையில் மறுநாள் திருத்தம் போட வேண்டும்; எழுதியவன் ஆசிரியருக்கு முன்னால் நிற்க வேண்டும். இங்கே அந்தப் பச்சையைக் கேட்டு வாங்கியவர் நாற்காலியில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"வந்த ஆக்கள் அரை நிமிசம் காத்திருக்கக் கூடாதெண்டு இவர்ட வலையக் கடல்ல விட்டிட்டீங்க," என்றேன்.

"வார்த்தைய அளந்து பேசும்," என்றார் செயலாளர். "மிஷின் செய்த பிழைக்கு நான் என்ன செய்ய?"

இளைஞன் நிரலின் முழுப் பாதையையும் ஸ்கிரிப்டுக்குள் எழுதினான். ஸ்கிரிப்டின் முடிவைக் கேட்ட பிறகு, செய்தி போயிருந்தால் பச்சை, இல்லையென்றால் சிவப்பு என்று செயலியை மாற்றினான். மீனவருக்கு ஊற்றி வைத்த பிளேன்டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. மீனவர் அதைக் குடிக்கவில்லை. கயிற்றை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

அவரிடம் வேறு வலை இல்லை. அந்த வாரத்திலிருந்து இன்னொருவரின் தோணியில் கூலிக்குப் போகிறார்.