மட்டாஞ்சேரியில் ஒரு வெள்ளைச் சுவர்

எண்பதுகளின் நடுவில் மட்டாஞ்சேரியில் ஒரு சின்ன அருங்காட்சியகத்தை விரிவாக்கும் வேலை எங்கள் அலுவலகத்துக்கு வந்தது. புதுப் பகுதியின் வெளிமுகத்தை எந்தப் பலகையால் மூடுவது என்பதில்தான் சண்டை. நான் வரைந்தது வெள்ளை சிமெண்டில் வார்த்த வழவழப்பான பலகை. என்னோடு வேலை பார்த்தவர் வரைந்தது செம்மண் நிற வெட்டுக்கல் பதித்த சொரசொரப்பான பலகை. யாருடையதை அருங்காட்சியகக் கமிட்டி எடுக்கிறதோ அவருக்கே கட்டிடப் பொறுப்பு என்று முதலாளி சொல்லிவிட்டார். தோற்றால் எனக்குப் பழையபடி எர்ணாகுளத்துத் தேவராவில் யார் வீட்டுக்காவது குளியலறை வரையும் வேலைதான். கல்லூரியை விட்டு வந்ததிலிருந்து அதைத்தான் வரைந்துகொண்டிருந்தேன். அலுத்துப் போயிருந்தது.

இந்த ஊர் மழைக்கு வெள்ளை தாங்காது, கறுத்துப்போகும் என்று கமிட்டித் தலைவர் முதல் கூட்டத்திலேயே சொன்னார். ஓய்வுபெற்ற வக்கீல்; எங்கள் வீட்டைப் போலவே பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம். எனக்குச் சுருக்கென்றது. ஒரு மழைக்காலம் முழுக்க வெளியே நிறுத்திப் பாருங்கள் என்றேன். நல்ல மழை படட்டும் என்று இடத்தையும் நானே காட்டினேன், தெருவைப் பார்த்த ஓரமாக. இரண்டு மாதிரிகளும் ஆளுயரச் சுவராகவே எழும்பி நின்றன.

அந்த மழைக்காலம் முழுக்கத் தினமும் எர்ணாகுளத்திலிருந்து படகில் வந்து இறங்கியதும் முதல் வேலை, பலகையில் விரலைத் தேய்த்துப் பார்ப்பது. வெட்டுக்கல்லில் பாசி ஏறிக்கொண்டே போனது. என்னுடையது பளிச்சென்று நின்றது. சக ஊழியரின் முகத்தைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது, மறைப்பானேன்.

கமிட்டி முடிவு செய்ய வரும் நாள் காலை, என் பலகைகளின் மேல் நீல எழுத்தில் ஒரு கட்சியின் பெயரும், அதன் கீழே 'புக்டு' என்றும் இருந்தது. தேர்தல் நெருங்கினால் கேரளத்தில் கட்சிக்காரர்கள் இப்படித்தான் சுவர்களை முன்கூட்டியே பிடித்து வைப்பார்கள். ஒருவர் பிடித்த சுவரில் மற்றவர் கை வைக்க மாட்டார்கள். பிறந்ததிலிருந்து பார்த்து வளர்ந்த விஷயம். அப்படியிருந்தும் தெருவைப் பார்த்து ஒரு வெள்ளைச் சுவரை எழுப்பிவிட்டு, மழைக்கு மட்டும் பயந்துகொண்டிருந்திருக்கிறேன்.

தேங்காய் நாரை வாங்கி ஆவேசமாகத் தேய்த்தேன். நீலம் போவதாக இல்லை. எதிர்ச் சாயாக்கடையிலிருந்து கட்சிக்காரர் ஒருவர் ஓடி வந்து, பிடித்த சுவரை அழிக்கக் கூடாது என்று தடுத்தார். நான் கத்திக்கொண்டிருக்கும்போதே கமிட்டியின் கார் வந்து நின்றது; பின்னாலேயே முதலாளியும் சக ஊழியரும்.

தலைவர் இறங்கி எழுத்தைப் படித்தார். பக்கத்திலிருந்த வெட்டுக்கல்லை ஏன் விட்டுவிட்டீர்கள் என்று கட்சிக்காரரிடம் கேட்டார்.

"அதுல பிரஷ் ஓடாது சாரே, பாசி வேற. இது நல்ல சுவர். மழை முழுக்கப் பாத்தோம், ஒரு கறுப்பு விழல. சுண்ணாம்புகூட அடிக்க வேண்டி வரல."

நான் சொல்ல வைத்திருந்த அத்தனையையும் அவரே சொல்லிவிட்டார். ஒரு கணம் ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன். தலைவர் என் பக்கம் திரும்பினார்.

"மழை விஷயத்துல நான் சொன்னது தப்பு, கொழந்தே. ஆனா கட்டிடம் முழுக்க இதைப் போர்த்திட்டா, எலக்‌ஷனுக்கு எலக்‌ஷன் யாரு காவல் நிப்பா?"

வெட்டுக்கல் என்று முடிவாயிற்று. முதலாளி வரைபடச் சுருளை என் கண்முன்னாலேயே சக ஊழியரிடம் கொடுத்தார்.

எல்லோரும் உள்ளே போன பிறகும் கட்சிக்காரர் மட்டும் போகவில்லை. இந்தச் சுவர் இங்கேயே இருக்குமா என்று கேட்டார். நாளைக்கு எடுத்துவிடுவார்கள் என்றேன். அவர் முகம் தொங்கிப்போனது. அந்தச் சுவர் வேண்டும் என்று மட்டாஞ்சேரியில் நின்றது நாங்கள் இரண்டு பேர்தான்.