இடாப்பில் விடுபட்ட என் பெயர்

ஒரு வருடம் முடிவதற்குள் நாட்டில் மூன்று தேர்தல்கள் வந்தன. மூன்றிலும் நான் கடமை செய்தேன். ஒன்றிலும் வாக்களிக்கவில்லை.

நான் உடுப்பிட்டியில் கணிதம் படிப்பிக்கிறேன். தேர்தல் வந்தால் எங்களைப் போன்ற அரச ஊழியர்களைத்தான் வாக்கெடுப்பு நிலையங்களுக்கு அனுப்புவார்கள். கடமைக்குப் போகிறவர்கள் தபால் மூலம் வாக்களிக்க முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். சனாதிபதித் தேர்தலுக்கு அப்படி விண்ணப்பிக்க வாக்காளர் இடாப்பில் என் இலக்கத்தைத் தேடினேன். எங்கள் வீட்டுக்கு நேரே கணவரின் பெயர் மட்டும் இருந்தது.

அடுத்த நாளே எங்கள் கிராம அலுவலரான விதானையாரிடம் போனேன். அவர் கொப்பியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, பெயர் பதிய வீட்டுக்கு வந்தபோது நான் வெளிநாட்டில் இருப்பதாகச் சொல்லப்பட்டது என்றார். அந்த நேரம் தங்கையின் மகளின் பிள்ளைப்பேற்றுக்காக இரண்டு மாத லீவில் கனடா போயிருந்தேன்.

“திருத்தம் குடுக்கிற நாள் முடிஞ்சுது, ரீச்சர். இனி அடுத்த இடாப்பிலைதான்.”

வீட்டுக்கு வந்து கணவரிடம் கேட்டேன். அவர் வெங்காயப் பாத்திகளுக்கு வாய்க்காலை வெட்டித் தண்ணீர் மாறிக்கொண்டிருந்தார்.

“மனிசி கனடாவிலை எண்டு உள்ளதைத்தானே சொன்னனான்” என்றார். “எப்ப வருவா எண்டு அவரும் கேக்கேல்லை.”

முப்பது வருடமாக அவர் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. அன்றைக்கு அது எனக்கு எந்த ஆறுதலும் தரவில்லை. தேர்தல் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினேன், நேரிலும் போனேன். அங்கேயும் அதே பதில்தான். ஆனால் கடமைக்கான கடிதம் மட்டும் பிழையில்லாத முகவரியோடு வீடு தேடி வந்தது.

கொடிகாமத்துக்குக் கிட்ட ஒரு பாடசாலையில் என்னைக் கடமைக்குப் போட்டார்கள். வருகிறவரின் பெயரை இடாப்பில் பார்த்து உரக்க வாசிப்பது என் வேலை. பின்னால் கட்சி முகவர்கள் தங்கள் பட்டியலில் அடையாளமிடுவார்கள். பத்து மணியளவில் என்னைவிடச் சற்று மூத்த ஒரு பெண் அடையாள அட்டையை நீட்டினார். தோட்டத்திலிருந்து நேரே வந்திருக்கவேண்டும், காலில் செம்மண் காய்ந்திருந்தது. அவருடைய பெயர் இல்லை.

“வடிவாப் பாருங்கோ, தங்கச்சி. போன முறை இஞ்சைதான் போட்டனான்.”

மூன்று முறை பார்த்தேன். பொறுப்பதிகாரியும் வந்து பார்த்துவிட்டுத் தலையசைத்தார். என்னுடையதும் இல்லை அக்கா என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் சொல்லவில்லை. முகவர்கள் இருந்தார்கள், வெட்கமாகவும் இருந்தது. விதானையாரைப் போய்ப் பாருங்கள் என்றேன். அவர் என்ன சொல்வார் என்று தெரிந்துகொண்டேதான் அனுப்பினேன். அந்தப் பெண் அட்டையை வாங்கிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே போனார். அடுத்த பெயரை வாசித்தேன்.

சில வாரங்களில் பாராளுமன்றத் தேர்தல். அதற்கும் அதே இடாப்புத்தான். ஒரு வேட்பாளர் ஏழெட்டுப் பேரோடு எங்கள் குறுகலான ஒழுங்கைக்கு வந்தார். மழை வெள்ளம் நிற்கும் அந்த ஒழுங்கையைப் பற்றிச் சொல்லவேண்டும் என்று நானும் வாசல் படலைக்குப் போனேன். நான் தொடங்க முன்பே, இந்த வீட்டில் எத்தனை வாக்கு என்று அவருடன் வந்த ஒருவர் கேட்டார்.

“ஒண்டு” என்றார் என் கணவர்.

ஒரு துண்டுப்பிரசுரம் தந்தார்கள். வேட்பாளர் கணவரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். எனக்குத் தலையை ஆட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். உள்ளே வந்த பிறகு, நீங்கள் ஏன் இரண்டு என்று சொல்லவில்லை என்று சண்டை பிடித்தேன். இல்லாததை எப்படிச் சொல்வது என்று அவர் கேட்டார்.

அடுத்த வருடம் உள்ளூராட்சித் தேர்தல் வந்தபோதும் புதிய இடாப்பு வரவில்லை. மூன்றாவது முறையாகப் போய் மற்றவர்களின் பெயர்களை வாசித்தேன். ஒழுங்கை வெள்ளத்துக்குப் பொறுப்பான பிரதேச சபையை யார் நடத்துவது என்பதில்கூட எனக்குச் சொல்ல ஒன்றுமில்லாமல் போயிற்று.

பிறகு விதானையார் பதிய வந்த அன்று லீவு எடுத்து வீட்டில் நின்றேன். படிவத்தை நானே நிரப்பி, அவர் கையெழுத்து வைக்கும்வரை பக்கத்தில் நின்றேன். இப்போது இடாப்பில் என் பெயர் இருக்கிறது. வருடக்கணக்காகத் தள்ளிப்போகிற மாகாண சபைத் தேர்தல் எப்போது என்று கேட்டால்தான் ஒருவரிடமும் பதில் இல்லை.