பாக்காம வைக்கிற கையெழுத்து

உதயரூபன் எதையும் லேசில் நம்பமாட்டார். வாவியில் பிடித்த மீனை நிறுக்கும்போது வியாபாரியின் தராசைத் தூக்கி அடியைப் பார்த்த பிறகுதான் கூடையை இறக்குவார்.

மகள் ஆர்த்திகா மாகாண ஓட்டப் போட்டிக்குத் தெரிவானபோது பள்ளிக்கூடத்தில் மருத்துவப் படிவம் ஒன்றைக் கொடுத்தார்கள். விளையாட்டு ஆசிரியர் நிதுர்ஷன் உதயரூபனுக்குப் போன் எடுத்தார்.

"நீங்க அலைய வேணாம் அண்ணே. எல்லாப் பிள்ளைகள்ர படிவத்தையும் சேத்து எனக்குத் தெரிஞ்ச டொக்டரிட்டக் குடுத்து எடுத்துத் தாறன்."

"என்ர பிள்ளயப் பாக்காம அவர் என்னெண்டு கையெழுத்து வைப்பார்?"

"அது சும்மா ஒரு வழமை அண்ணே."

அந்தச் 'சும்மா'தான் உதயரூபனுக்குப் பிடிக்கவில்லை. மறுநாள் தோணியை இறக்காமல் மகளைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். வழி நெடுக ஆர்த்திகா, "நிதுர்ஷன் சேரிட்டயே குடுத்திருக்கலாம் அப்பா" என்று முனகிக்கொண்டே வந்தாள். அதுவும் அவருக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது.

டொக்டர் ஓர் இளம் பெண். "ஓடக்குள்ள ஏதும் கஷ்டம் இருக்கா?" என்று ஆர்த்திகாவைக் கேட்டார்.

"ஒண்டுமில்ல டொக்டர். நல்லா ஓடுவாள்" என்றார் உதயரூபன்.

"இரவில இருமல்?"

"இல்ல."

டொக்டர் பேனாவை மூடினார். "எல்லாத்துக்கும் நீங்கதான் பதில் சொல்றீங்க. கொஞ்சம் வெளிய இருங்க. நேர்ஸ் இஞ்ச இருப்பா."

உதயரூபன் வெளியே வந்து வாங்குப் பலகையில் இருக்காமல் கதவோரமே நின்றார். தன்னை அனுப்பிவிட்டு உள்ளே அப்படி என்ன கேட்கிறார்கள்? வீட்டில் அப்பா அடிக்கிறாரா என்றா? அவருக்கு முகம் சுட்டது.

திரும்ப உள்ளே கூப்பிட்டபோது ஆர்த்திகாவின் கண் கலங்கியிருந்தது.

"ஓடி முடிஞ்சா நெஞ்சு இறுகி மூச்சு இழுக்குதாம். கனநாளா இருக்கு" என்றார் டொக்டர். "இப்ப நான் கையெழுத்து வைக்க மாட்டன். மருந்து தொடங்குவம். ரெண்டு கிழமை கழிச்சுக் கூட்டி வாங்க."

"ஏன் மகள் எனக்குச் சொல்லல்ல?"

"சொன்னா ஓட விடமாட்டீங்க" என்றாள் ஆர்த்திகா.

விடமாட்டார்தான்.

அடுத்த முறை போனபோது டொக்டர் அவளை முற்றத்தில் ஓடவிட்டு நெஞ்சைச் சோதித்தார். ஓடுவதற்கு முன் மூச்சு மருந்துப் பம்மை வாயில் வைத்து இழுக்க வேண்டும், ஓடும் இடத்திலும் அது கையில் இருக்க வேண்டும் என்று எழுதிக் கையெழுத்து வைத்தார்.

போட்டி நடந்த திருகோணமலைக்கு உதயரூபனும் போனார். அவள் இழுக்காமல் இழுத்தேன் என்று சொல்லிவிடுவாள் என்ற பயத்தில் பம்மைத் தன் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார். ஓட்டத்துக்குச் சற்று முன் ஆர்த்திகா தானாகவே வந்து கையை நீட்டினாள். அவர் பார்த்துக்கொண்டிருக்க இழுத்துவிட்டுப் போனாள்.

நாலாவதாக வந்தாள். மூச்சு வாங்கியது, ஆனால் நெஞ்சு இறுகி இழுக்கவில்லை.