நான் விட்டுப் படித்த வரி

இன்று காலை பள்ளி விடுதிக் கிணற்றடியில் ஒரு மாணவி உப்புத் தண்ணீரால் வாய் கொப்பளித்தாள். அந்தச் சத்தம் என்னை ஆம்பூருக்கு, ஜமீலா வீட்டு முற்றத்துக்கு இழுத்துச் சென்றது.

ஜமீலா தோல் மண்டி முதலாளியின் மகள். என் அப்பா அங்கே தோல் சுமந்தார். எங்கள் இருவருக்கும் பத்து வயது. முன்பற்களும் இருவருக்கும் தூக்கல்தான். ஆனால் மதராஸ் டாக்டர் அவள் பல்லுக்கு மட்டும் கம்பி கட்டினார். அவள் சிரித்தால் வெயிலில் கம்பி மின்னும். எனக்கு வயிறு எரியும்.

டாக்டர் தமிழில் எழுதித் தந்த தாளைப் படிக்க, உருது மட்டுமே படித்த அந்த வீட்டில் ஆள் இல்லை. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போன நான் பெருமையாகப் படித்துக் காட்டினேன். ‘சாப்பிட்ட ஒவ்வொரு முறையும் கம்பியோரம் துலக்க வேண்டும், ஈறு வீங்கினால் கம்பியைக் கழற்ற நேரும்’ என்ற வரியை மட்டும் வேண்டுமென்றே விட்டுவிட்டேன்.

சில வாரங்களில் அவள் ஈறு வீங்கி ரத்தம் கசிந்தது. முற்றத்தில் நின்று உப்புத் தண்ணீரால் கொப்பளித்துக்கொண்டே இருந்தாள். அவள் அம்மா தாளை மறுபடி நீட்டினார்.

“சரியா பாரும்மா. இன்னா வுட்டுப் போச்சு?”

பயந்துபோய் முழுவதும் படித்தேன்.

“இத அன்னிக்கு நீ படிக்கலியே?”

நான் வாய் திறக்கும் முன் ஜமீலா முந்திக்கொண்டாள்: “படிச்சா, அம்மி. நான்தான் சோம்பேறி, செய்யல.”

கம்பியைக் கழற்றிவிட்டார்கள். இனி அவளைப் பார்த்துப் பொறாமைப்பட ஒன்றுமில்லை என்று நினைத்தேன். ஆனால் அப்படி ஒரு பொய்யை இன்னொருத்திக்காக என்னால் சொல்லியிருக்க முடியாது. ஆசிரியையாகிவிட்ட இன்றும் அதை நினைத்தால் வயிறு எரிகிறது.